சீனி வருத்தமும் கவ்வாத்துக் கத்தியும்



“இன்சுலின் ஊசி போடத் தொடங்கினால் அதோடு ஆள் முடிந்தது.” இந்தப் பேச்சைக் கேட்காத லயம் ஒன்று பொகவந்தலாவையில் இருக்குமா என்பது சந்தேகம். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பெண்கள் குழுக்களோடு இருந்து கதைத்தபோதும் இதையே கேட்டேன். அங்கே சலரோகம் என்றார்கள். இங்கே சீனி வருத்தம், சுகர் என்கிறோம். பயம் மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றாகவே இருக்கின்றது.

இந்தப் பயம் சும்மா இருந்துவிட்டுப் போவதில்லை. மாத்திரையை இடைநடுவில் நிறுத்த வைக்கின்றது. வைத்தியர் ஊசி எழுதிக் கொடுத்தால் அடுத்த கிளினிக்குக்கே போகாமல் செய்கின்றது. கால் விரலையும் கண் பார்வையையும் இழந்த பின்னர்தான் எம்மில் பலர் திரும்பி வருகின்றோம். எனவே இம்மாதம் இன்சுலின் என்பது என்ன, அது உடலுக்குள் எப்படி உருவாகின்றது என்பதைப் பார்ப்போம். நான் சமூகவியல் படித்தவள். விஞ்ஞானம் படித்தவள் அல்ல. வைத்தியர்களிடமும் தாதிமாரிடமும் கேட்டும், வாசித்தும் தெரிந்துகொண்டதை எமது பாஷையில் சொல்கிறேன்.

எங்கள் பகுதித் தோட்டம் ஒன்றில் ஓர் அம்மா இருக்கிறார். 1983 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு வன்னிக்குப் போனவர். 2009இல் கணவரையும் மூத்த மகனையும் பறிகொடுத்து, முகாமில் இருந்து, பிறகு அண்ணன் வீட்டு லயத்துக்கே திரும்பி வந்தவர். ஊசியை நிறுத்திவிட்டார் என்று மருமகள் சொல்லிப் பார்க்கப் போயிருந்தேன். அவர் என்னிடம் கேட்டது இதுதான்: “சோத்துக்கே வழியில்லாம கெடந்தவ மிஸ் நானு. இனிப்புப் பண்டம் கண்ணால கண்டு எத்தன வருசம். எனக்கு எப்புடி மிஸ் சீனி வரும்?”

நியாயமான கேள்வி. சீனியை அள்ளித் தின்றவர்களுக்குத்தான் சீனி வருத்தம் வரும் என்ற எண்ணம் எம்மிடம் ஆழமாகப் பதிந்துள்ளது. அதனால் நோய் வந்தவள் தன்னைத்தானே குற்றவாளியாக நினைக்கிறாள். உண்மை அவ்வளவு இலேசானதல்ல.

வயிற்றுக்குப் பின்னால் சதையி என்று ஓர் உறுப்பு உண்டு. கணையம் என்றும் சொல்வார்கள். அது இரண்டு வேலை செய்கின்றது. ஒன்று, சாப்பாட்டைச் சமிக்கச் செய்யும் சாற்றைச் சுரப்பது. மற்றது, இன்சுலின் என்ற ஓமோனை இரத்தத்தில் விடுவது. நாம் சாப்பிடும் சோறு, ரொட்டி, பாண் எல்லாம் குளுக்கோசாக மாறி இரத்தத்துக்கு வருகின்றன. அந்தக் குளுக்கோசு தசைக்குள்ளும் கொழுப்புக்குள்ளும் போவதற்குக் கதவு திறக்க வேண்டும். திறப்பு இன்சுலினிடம் இருக்கின்றது.

இந்தத் திறப்பு எப்படிச் செய்யப்படுகின்றது என்பதுதான் அதிசயம். இன்சுலின் ஒரு புரதம். சதையியின் கலங்கள் முதலில் அதை இன்சுலினாகச் செய்வதில்லை. 86 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு நீளமான மாலையாகச் செய்கின்றன. இதற்குப் புரோஇன்சுலின் என்று பெயர். அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஸ்டைனர் என்பவர் 1967இல் இதைக் கண்டறிந்தார். அந்த நிலையில் அதனால் பெரிதாக வேலை செய்ய முடியாது.

தோட்டத்துச் சகோதரிகளுக்கு இது உடனே விளங்கும். தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டாமல் விட்டால் அது மரமாக வளர்ந்து நிற்கும், கையெட்டும் உயரத்தில் கொழுந்து தராது. (வடக்கு, கிழக்குச் சகோதரிகளுக்கு: கவ்வாத்து என்பது செடியை மட்டமாக வெட்டிவிடும் வேலை.) புரோஇன்சுலினும் அப்படித்தான். அதை வெட்டுவதற்கென்றே கலத்துக்குள் கத்திகள் உள்ளன. நொதியங்கள் என்று பாடசாலையில் படித்திருப்போம், அவைதான். இரண்டு நொதியங்கள் மாலையை இரண்டு இடங்களில் வெட்டுகின்றன. மூன்றாவது நொதியம் வெட்டிய நுனிகளைச் சீர் செய்கின்றது. நடுவில் இருந்த 31 அமினோ அமிலத் துண்டு தனியே கழன்று விடுகின்றது. மீதியாக இருக்கும் 51 அமினோ அமிலங்களே இன்சுலின். ஒட்டுமிடங்களில் இருந்த நான்கு அமினோ அமிலங்களும் வெட்டில் போய்விடுகின்றன.

கழன்ற அந்தத் துண்டுக்கு ‘சி-பெப்டைட்’ என்று பெயர். கழிவு என்று நினைக்க வேண்டாம். வைத்தியர்களுக்கு அது நல்ல சாட்சி. ஊசி மூலம் போடும் இன்சுலினில் இந்தத் துண்டு கிடையாது. ஆகவே இரத்தத்தில் சி-பெப்டைட் எவ்வளவு இருக்கின்றது என்று பார்த்தால், நோயாளியின் சொந்தச் சதையி இன்னும் எவ்வளவு உழைக்கின்றது என்பதைச் சொல்லிவிடலாம். கணக்குப்பிள்ளையின் செக்றோலைப் பார்த்து யார் வேலைக்கு வந்தார்கள் என்று அறிவது போல.

திறப்பு மட்டுமல்ல, பூட்டும் வெட்டித்தான் செய்யப்படுகின்றது. கலத்தின் வெளிப்புறத்தில் இன்சுலினை ஏற்கும் புரதமும் முதலில் ஒரே நீள மாலையாக உருவாகி, இன்னொரு நொதியத்தால் வெட்டப்பட்ட பிறகே சரியாக வேலை செய்யும். அந்த வெட்டு விழாததால் உடலில் இன்சுலின் இருந்தும் நீரிழிவு வந்த ஒரு நோயாளியைப் பற்றி 1988இல் விஞ்ஞானிகள் எழுதினார்கள். அதேபோல, புரோஇன்சுலினை வெட்டும் நொதியம் பழுதான ஒரு பெண்ணைப் பற்றி 1995இல் இங்கிலாந்தில் எழுதப்பட்டது. இப்படிப் பிறவியிலேயே கத்தி பழுதாவது உலகில் மிக மிக அரிது. எமக்கு வருவது வேறு வகை.

எமக்கு வரும் வகையில், அதாவது வயது வந்த பின் வரும் இரண்டாம் வகை நீரிழிவில், கத்தி நல்லதாகத்தான் இருக்கின்றது. வேலைதான் கூடிப் போகின்றது. வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேரும்போது இன்சுலினின் பேச்சை உடல் கேட்க மறுக்கின்றது. சதையி இன்னும் இன்னும் சுரக்க வேண்டியுள்ளது. கொழுந்து கூடிய காலத்தில் கொத்தை நிரப்ப அவசரத்தில் முற்றல் இலையையும் சேர்த்துப் போடுவதில்லையா? அதுபோலச் சதையியும் அவசரத்தில் அரைகுறையாக வெட்டிய புரோஇன்சுலினை இரத்தத்தில் விட்டுவிடுகின்றது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களின் இரத்தத்தில் இந்த வெட்டுப்படாத புரோஇன்சுலின் வழமையை விடக் கூடுதலாகக் காணப்படுகின்றது. நிறை இருக்கும், தரம் இருக்காது. பல வருடம் இப்படி உழைத்தபின் அந்தக் கலங்களில் ஒரு பகுதி ஓய்ந்தே போகின்றது.

அந்த அம்மாவின் கேள்விக்கு இப்போது வருவோம். பசியும் பயமும்கூட இந்தச் சுமையில் சேர்கின்றன. உயிர்ப் பயத்திலும் தீராத கவலையிலும் உடல் கோட்டிசோல், அட்ரினலின் முதலிய ஓமோன்களைச் சுரக்கின்றது. இவை இரத்தத்தில் குளுக்கோசைக் கூட்டுபவை. ஓடித் தப்புவதற்காக உடல் செய்யும் ஏற்பாடு அது. ஓடி முடிந்தும் பல வருடம் மனம் ஓடிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பட்டினி இன்னும் தூரம் போகின்றது. 1944-45 குளிர்காலத்தில் ஜேர்மன் படை உணவை மறித்ததால் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினி கிடந்தது. அப்போது தாயின் வயிற்றில் இருந்த பிள்ளைகளுக்கு ஐம்பது வயதளவில் சோதித்தபோது, குளுக்கோசைச் சமாளிக்கும் சக்தி மற்றவர்களை விடக் குறைவாக இருந்தது. இது 1998இல் வெளியானது. எங்கள் தோட்டங்களில் நிறை குறைந்த பிள்ளைகள் பிறப்பது நாட்டின் ஏனைய பகுதிகளை விட அதிகம் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

இலங்கையில் 2005-06இல் நடந்த பெரிய ஆய்வொன்றில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது. அந்த ஆய்வு ஏழு மாகாணங்களில்தான் நடந்தது. யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் கணக்கில் சேரவில்லை. குண்டு விழுந்த இடத்தில் சீனி பார்க்க யார் வருவார்கள்? ஆனால் அந்த வருடங்களில் உங்கள் உடல்களும் கணக்கில் எடுக்கப்படவில்லை என்பதை நாம் மறக்கக் கூடாது. 2018-19இல் நடந்த இன்னோர் ஆய்வில் நாட்டில் வயது வந்தோர் ஐந்து பேரில் ஒருவருக்கு மேல் நீரிழிவு காணப்பட்டது.

சரி, இன்சுலினை ஏன் மாத்திரையாகத் தராமல் ஊசியாகக் குத்துகின்றார்கள்? இதற்கும் பதில் கத்திதான். இன்சுலின் ஒரு புரதம் என்றேன் அல்லவா? பருப்பையும் கருவாட்டையும் சமிக்கச் செய்யும் அதே நொதியங்கள் விழுங்கிய இன்சுலினையும் துண்டு துண்டாக வெட்டிவிடும். ஒரு கத்தி இன்சுலினை உருவாக்குகின்றது. மற்றக் கத்தி அதை அழிக்கின்றது. இரண்டும் ஒரே சதையிக்குள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அதனால்தான் மிருகங்களின் சதையியிலிருந்து இன்சுலின் எடுக்க முயன்ற பலர் தோற்றார்கள். அரைக்கும்போதே சமிபாட்டு நொதியம் அதைக் கெடுத்துவிடும். கனடாவின் டொரொன்டோவில் 1921இல் பான்டிங், பெஸ்ட் என்ற இருவரும் இதற்கு வழி தேடினார்கள். கொலிப் என்பவர் அற்ககோல் கொண்டு சுத்தப்படுத்தினார். 1922 ஜனவரியில் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு அது முதலில் போடப்பட்டது. முதல் ஊசி சரிவரவில்லை. இன்னும் சுத்தமாக்கி அதே மாதம் போட்டது பலித்தது. அதற்கு முன்னர் அந்த வகை நீரிழிவு வந்த பிள்ளைகள் மெலிந்து மெலிந்து இறந்துபோவார்கள். ஊசி போட்டால் ஆள் முடிந்தது என்கிறோமே, முடிந்துகொண்டிருந்த பிள்ளைகளைத்தான் அந்த ஊசி எழுப்பியது.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏவா சக்ஸல் என்று பெயர். பிராக் நகரத்து யூதப் பெண். ஹிட்லருக்குப் பயந்து கணவர் விக்டரோடு சீனாவின் ஷங்காய் நகருக்கு அகதியாக ஓடியவர். அங்கே அவருக்கு நீரிழிவு வந்தது. 1941 டிசம்பரில் யப்பானியப் படை நகரத்தைத் தன் பிடிக்குள் கொண்டுவந்தபின் இன்சுலின் கிடைக்காமல் போனது. இருவரும் வைத்தியர்கள் அல்லர். கையில் ஒரு மருத்துவப் புத்தகம் இருந்தது. எருமை மாட்டின் சதையியை எடுத்து, புத்தகத்தில் உள்ளபடி, அந்த நொதியம் கெடுக்கும் முன்பே இன்சுலினைப் பிரித்தெடுக்கப் பழகினார்கள். முயல்களுக்குப் போட்டுச் சோதித்தார்கள். மனிதரில் முதல் ஊசியை ஏவா தனக்கே போட்டுக்கொண்டார். பிறகு அந்த அகதிப் பகுதியில் இருந்த இருநூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு அந்த இன்சுலின் போனது. ஏவா 2002 வரை வாழ்ந்தார். 2009இன் முதல் மாதங்களில் வன்னியில் மருந்து இல்லாமல் தவித்தவர்கள் உங்களில் பலர் இருக்கின்றீர்கள். 2022இலும் நாட்டில் பல மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. இன்சுலின் இல்லாமல் போவது என்றால் என்ன என்று அறிந்தவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு போடாமல் விடமாட்டார்கள் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அந்தப் பொம்பள தனக்குத்தானே மொத ஊசி போட்டுக்கிட்டாளா மிஸ்?” என்று கேட்டார்.

“ஊசி போட்டபிறகுதான் காலை வெட்டினார்கள்” என்று அவர் பக்கத்து வீட்டு உதாரணம் ஒன்றும் சொன்னார். வரிசையைக் கவனியுங்கள். பத்து வருடம் சீனி கட்டுப்படாமல் இருந்து, நரம்பும் இரத்தக் குழாயும் கெட்டு, புண் வந்த பிறகு கடைசியாக ஊசி தொடங்குகின்றார்கள். காலைக் கெடுத்தது அந்தப் பத்து வருடம். பழி ஊசிக்கு.

மாத்திரைகளிலும் இந்தக் கத்திக் கதை உண்டு. நாம் சாப்பிட்டவுடன் குடலிலிருந்து ஜிஎல்பி-1 என்ற ஓமோன் வந்து, “இன்சுலினை விடு” என்று சதையிக்குச் சொல்கின்றது. ஆனால் டிபிபி-4 என்ற நொதியம் இரண்டொரு நிமிடத்துக்குள் அதன் தலையை வெட்டிவிடும். அந்த நொதியத்தின் கையைப் பிடிக்கும் மாத்திரைதான் சிட்டாகிளிப்டின். 2006இல் பாவனைக்கு வந்தது. அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் ஒரு பெரிய பல்லியின் உமிழ்நீரிலிருந்து, இந்தக் கத்திக்கு இலேசில் அசையாத ஒத்த ஓமோன் ஒன்றைக் கண்டு, அதிலிருந்தும் ஒரு ஊசி மருந்து செய்தார்கள். எமது கிளினிக்குகளில் பெரும்பாலும் முதலில் தருவது மெட்போமின். அது ஈரல் குளுக்கோசைக் கொட்டுவதைக் குறைப்பது. வழி வேறு.

கொத்தல ஹிம்புட்டு மரக் கோப்பை பற்றிச் சொல்லாமல் விட்டால் நீங்கள் விடமாட்டீர்கள். அதில் விஷயம் இல்லாமல் இல்லை. குடலில் மாப்பொருளைச் சீனியாக வெட்டும் நொதியத்தை அது தடுக்கின்றது. 2005இல் வெளியான இலங்கை ஆய்வொன்றில், அந்தத் தேநீரை மூன்று மாதம் குடித்தவர்களின் சீனி அளவு குறைந்தது. ஆனால் அவர்கள் வைத்தியர்களின் கண்காணிப்பில் இருந்தவர்கள். அது சோற்றுச் சீனி மெதுவாக ஏற உதவும், அவ்வளவுதான். ஓய்ந்துபோன சதையிக்குப் பதிலாக இன்சுலினைத் தராது. அந்த அம்மா ஊசியை நிறுத்தியது இந்தக் கோப்பையை நம்பித்தான்.

“எங்கட பரம்பரையிலேயே இருக்கு, என்ன செய்ய?” என்பார்கள் சிலர். பரம்பரை உண்மைதான். கல்பெயின்-10 என்ற புரதம் வெட்டும் நொதியம் ஒன்றின் மரபணு நீரிழிவோடு தொடர்புடையது என 2000இல் மெக்சிக்கோ வம்சாவளியினரிடம் கண்டார்கள். 2002இல் சென்னையின் நீரிழிவு ஆராய்ச்சி மையத்தினரும் இலண்டன் விஞ்ஞானிகளும் தென்னிந்தியரிடமும் அந்தத் தொடர்பைத் தேடிப் பார்த்து, மரபணுவின் சில வடிவங்கள் ஆபத்தைக் கூட்டுவதாக எழுதினார்கள். பிறகு வந்த ஆய்வுகளில் அதைவிட வலிமையான வேறு மரபணுக்கள் தெரியவந்தன. என்னைக் கேட்டால், அதே சென்னைக்காரர்கள் 2006இல் வெளியிட்ட வேறொரு விடயம்தான் எமக்கு முக்கியம். நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரைச் சுமார் மூன்று வருடம் கவனித்தார்கள். சும்மா விட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. நடையும் சாப்பாட்டு மாற்றமும் செய்தவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. மெட்போமின் மாத்திரை எடுத்தவர்களிலும் ஏறக்குறைய அதே அளவுதான். அவர்களும் எங்கள் வம்சம்தான். மரபணு மாறவில்லை.

ஊசி போடுபவர்களுக்குச் சில விடயங்கள். இன்சுலின் புரதம் என்பதால் சூட்டில் கெடும், உறைந்தாலும் கெடும். திறக்காத போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில், ஐஸ் பெட்டியில் அல்லாமல் கீழ்த்தட்டில், வைக்க வேண்டும். பாவிக்கும் போத்தல் 30 பாகைக்குக் குறைந்த இடத்தில் நான்கு வாரம் வரை இருக்கலாம். பொகவந்தலாவைக் குளிரில் லயக் காம்பராவிலேயே வைக்கலாம், அடுப்புப் பக்கமும் தகரக் கூரைக்கு அடியிலும் வேண்டாம். வன்னி வெயிலுக்கு, பெரிய மண்சட்டியில் ஈர மணல் போட்டு, அதற்குள் சிறிய சட்டியை வைத்து, நனையாமல் சுற்றிய போத்தலை உள்ளே வையுங்கள்.

ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் மலைக்கு ஏறக் கூடாது. கந்த சஷ்டி, வெள்ளி விரதம் என்றால் முதலே கிளினிக்கில் கேளுங்கள். வியர்த்து, கை நடுங்கி, கண் இருண்டால் உடனே சீனி போட்ட தேத்தண்ணீர் குடியுங்கள். அந்த நேரத்தில் சீனிதான் மருந்து.

35 வயது தாண்டியவர்களுக்குச் சுகவனிதையர் கிளினிக்கில் சீனியும் பிரசரும் இலவசமாகப் பார்க்கின்றார்கள். கிளினிக் நாளில் பேர் போய்விடும் என்பதுதான் எங்கள் பெண்களின் பெரிய தடை. ஒரு நாள் சம்பளம் விளையாட்டல்ல. எங்கள் பகுதியில் ஒரு குழுவினர் தோட்ட வைத்திய உத்தியோகத்தர் மூலம் ஒரே டிவிசன் பெண்களுக்கு ஒரே கிளினிக் நாள் கேட்டு எடுத்து, அந்த நாளுக்குப் பதிலாக ஞாயிறு வேலை தரும்படி துரையிடம் பேசியுள்ளார்கள். இரண்டு மாதமாக நடக்கின்றது. மூன்றாவது மாதமும் நடந்தால் விபரம் எழுதுகிறேன். அந்த அம்மாவும் அதே டிவிசன்தான். இப்போது காலையில் ஊசியைத் தானே போடுகிறார், மாலையில் மருமகள் போட்டுவிடுகிறார்.

அடுத்த இதழில் பாதம் பார்ப்பது பற்றி. அதுவரை இரவில் படுக்குமுன் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து உள்ளங்காலைப் பார்த்து, காயம், கொப்புளம், வெடிப்பு ஏதும் இருந்தால் குறித்து வையுங்கள்.